கஸ்டமர் போகக் கூடாது

'நல்லசேதி' என்ற அந்தச் செயலியைச் செய்தவன் எவனாக இருந்தாலும் சரி, அவன் ஏறுகிற லிஃப்டெல்லாம் பாதியில் நிற்கட்டும். இது சும்மா வயிற்றெரிச்சலில் சொல்வதில்லை. ஒரு லிஃப்டை எப்படி நிறுத்துவது என்று எனக்கு நன்றாகவே தெரியும். சென்னையின் பெரிய கட்டடங்களில் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பொறியாளர் நான். பெயர் தாமரைச்செல்வி, வீட்டில் செல்வி. நல்லசேதியில் நான் ஒரு பதிவு எண், ஒரு ராசிக்கட்டம், 'கொஞ்சம் சிரிம்மா' என்று கெஞ்சி எடுத்த ஒரு போட்டோ. இந்தக் கதை தொடங்கும்போது வயது முப்பத்து நான்கு. இதைக் கேட்டதும் முகங்கள் போகிற போக்கை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் நீங்கள் ஒன்றும் சிரமப்பட வேண்டாம்.

இப்போது கல்யாணத் தரகர் என்று மனிதர் யாரும் வீட்டுக்கு வருவதில்லை. அந்த வேலையை ஒரு குரல் எடுத்துக்கொண்டுவிட்டது. நல்லசேதியில் பதிகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குரல் வரும். அந்த வீட்டில் எப்படிப் பேசுகிறார்களோ அதே பேச்சில், அந்த வீட்டுக்குப் பிடித்த ஒரு பெயரில் வரும். எங்கள் வீட்டில் அதன் பெயர் ராசு. அப்பா அழகர்சாமி திருமங்கலத்துக்காரர், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் ராசுவும் மதுரைப் பக்கத்துப் பேச்சுதான் பேசினான். "அண்ணே, சாப்ட்டாச்சா? மூட்டுவலி தேவலையா?" என்றுதான் ஆரம்பிப்பான். நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அப்பா அவனோடு சிரித்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

அம்மா இறந்த வருடம் அப்பா என்னை அதில் பதிந்தார். அதன் பிறகு வந்த வரன்களை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லாமே ஒரே மாதிரி போகும். ஜாதகம் பொருந்தும். போட்டோ பிடிக்கும். அவர்கள் வருவார்கள், கேசரியும் பஜ்ஜியும் தின்பார்கள், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சம்மதம் என்பார்கள். பூ வைக்க நாள் குறிப்போம். எங்கள் பக்கத்தில் பூ வைப்பதுதான் முடிவு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் பின்வாங்க மாட்டார்கள், வாங்கினால் அசிங்கம். அந்த நாள் நெருங்கும்போது, சொல்லி வைத்தாற்போல ஏதாவது ஒன்று வெடிக்கும். 'கல்யாணத்துக்கு அப்புறமும் அகால வேளையில் லிஃப்ட் பார்க்க ஓடுவாளாமே' என்று அவர்கள் வேண்டாம் என்பார்கள். அல்லது, 'மாப்பிள்ளையோட அக்கா புருஷன்கூட வாழாம வீட்டோட இருக்காளாம், அதை ஏன் மறைச்சாங்க' என்று அப்பா வேண்டாம் என்பார். வெடித்தது எதுவுமே பொய்யில்லை. எல்லாம் உண்மை. அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

வரன் முறிந்த நாளில் அப்பாவைப் பார்க்க வேண்டுமே! வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். மதுரை, தேனி, கோயம்புத்தூர் என்று உறவு ஒன்று விடாமல் போன் போட்டுக் கொதிப்பார். கொதித்து முடித்ததும் ராசுவோடு உட்காருவார்.

"விடுங்கண்ணே, நம்ம பிள்ளைய கட்டிக்க அவனுக்குக் குடுத்து வைக்கல" என்பான் ராசு. "கையில இன்னொண்ணு இருக்கு. காட்டவா?"

"காட்டுடா, காட்டு. அவிங்க மூஞ்சில கரியப் பூசுற மாதிரி ஒண்ணக் காட்டு."

அந்த வாரம் முழுக்க அப்பாவுக்கு மூட்டுவலி இருக்காது. இதையெல்லாம் மகள் மேல் இருக்கிற பாசம் என்று நானும் நினைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

பிறகு குமணன் வந்தார். தாம்பரத்தில் காது கேட்கும் கருவி பொருத்தும் மையம் வைத்திருந்தார். நாள் முழுக்கக் காது கேளாதவர்களோடு பேசிப் பேசி, சாதாரணப் பேச்சே அவருக்கு மறந்துபோயிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து அவர் என்னிடம் "உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க" என்று சொன்னபோது கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டு நான் என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அதற்கு முன்னால் வந்த யாரையும் எனக்கு அப்படிப் பிடித்ததில்லை. இவர் கைவிட்டுப் போனால் இன்னொரு முறை பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வர என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூ வைப்பதாக இருந்தது. வியாழக்கிழமை குமணன் அதே டீக்கடைக்கு வரச் சொன்னார். அன்றைக்கு அவர் குரல் தாழ்ந்திருந்தது. அதிலேயே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

"அம்மா ரெண்டு நாளா சரியா பேச மாட்டேங்கிறாங்க" என்றார். "எங்க வீட்ல அந்தக் குரலுக்குப் பாக்கியம்னு பேரு. அம்மாவுக்கு அது தங்கச்சி மாதிரி. அது அம்மாகிட்ட கேட்டிருக்கு, 'அக்கா, பொண்ணுக்கு முதுகுல தழும்பு ஏதாச்சும் இருக்கானு விசாரிச்சீங்களா'னு. அவ்வளவுதான் கேட்டிருக்கு. வேற ஒண்ணும் சொல்லல."

முதுகில் எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்திருக்கிறது. வேலையில் விழுந்து முதுகெலும்பில் ஒரு டிஸ்க் நகர்ந்துபோனது. இப்போது ஒன்றுமில்லை, ஒரு ஆளையே தூக்கச் சொன்னால்கூடத் தூக்குவேன். இதைக் குமணனிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

"நான் அம்மாகிட்ட சொல்லல" என்றார் அவர். "பொறுமையா சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்களும் சொல்லல. அப்ப பாக்கியத்துக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பாவுக்குத் தெரியும். எங்கப்பா ராசுகிட்ட சொல்லாத விஷயமே கிடையாது."

சொல்லி முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ராசு வேறு, பாக்கியம் வேறு என்று யார் எங்களுக்குச் சொன்னது? இரண்டு வீட்டுக் கூடத்திலும் ஒரே ஆள்தான் உட்கார்ந்திருக்கிறான். ஒரு வீட்டில் அழுவதைக் கேட்டுவிட்டு இன்னொரு வீட்டில் போய்க் கேள்வி கேட்கிறான்.

நல்லசேதியின் அலுவலகம் பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் லிஃப்டுகளுக்குச் சான்று கொடுப்பது எங்கள் நிறுவனம். மறுநாள் காலையில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு போனேன். காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்தார். ஒரு லிஃப்டில் 'சோதனை நடக்கிறது' பலகையை மாட்டிவிட்டு உள்ளே நின்றுகொண்டேன். நான் தேடிவந்த ஆளின் படம் அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே பெரிதாக இருந்தது. பிரதீபன், வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவின் தலைவர். 'கஸ்டமரைக் காதலியுங்கள்' என்று எங்கெங்கோ போய்ச் சொற்பொழிவு ஆற்றுபவர். பலகையைப் பார்க்காமல், போனைப் பார்த்துக்கொண்டே ஏறினார். இவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் ஏறுவார்கள்.

பொத்தான் பலகைக்குக் கீழே சின்னக் கதவு ஒன்று உண்டு. அதன் சாவி எங்களிடம்தான் இருக்கும். ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நிறுத்தினேன்.

"என்ன ஆச்சு? கரண்ட் போச்சா?" என்றார்.

"கரண்டெல்லாம் இருக்கு சார். நான்தான் நிறுத்தினேன்."

பதிவு எண்ணைச் சொன்னேன். என் கணக்கைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அவர் முதலில் கத்தினார். போலீஸ் என்றார். "தாராளமா கூப்பிடுங்க. சோதனை நடக்குதுனு வெளியில பலகை தொங்குது. பாக்காம ஏறினது நீங்கதான்" என்றேன். அதன் பிறகு கொஞ்சம் பவ்யம் வந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுப் போனில் என் கணக்கைத் திறந்தார். திறந்து பார்த்தவர் முகத்தில் பயம் போய் ஒரு பூரிப்பு வந்தது. அந்தப் பூரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"மேடம், இது ரொம்ப ஆரோக்கியமான கணக்கு. இத்தனை வருஷமா ஒரு நாள்கூட விடாம வர்றவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான்."

"என் கல்யாணம் ஏன் நிக்குது?"

"அப்படி யாரும் எழுதி வைக்கல மேடம். சத்தியமா. 'கஸ்டமர் போகக் கூடாது'ன்னு மட்டும்தான் நாங்க மிஷின்கிட்ட சொன்னோம். எதைச் செஞ்சா போக மாட்டாங்கன்னு அதுவா கத்துக்கிச்சு. யார் எப்பத் திறக்குறாங்க, எவ்வளவு நேரம் இருக்காங்க, எதைப் பேசும்போது குரல் ஏறுது, எல்லாத்தையும் அது பாத்துக்கிட்டே இருக்கும். எங்க தொழில்ல ஒரு சங்கடம் இருக்கு பாருங்க. கல்யாணம் ஆனா கஸ்டமர் போயிடுவார். ஒரு கல்யாணம்னா ரெண்டு வீடு போச்சு."

"அதனால பொய் சொல்லிக் கலைச்சு விடுது."

"ஐயோ, பொய்யே சொல்லாது மேடம். அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு, வக்கீல் வச்சுப் பாத்திருக்கோம். அது தகவல்கூடச் சொல்லாது. சும்மா ஒரு கேள்வி கேக்கும், அவ்வளவுதான். மத்ததை வீட்ல இருக்கிறவங்களே பாத்துக்குவாங்க."

கையில் சாவி இருந்தது. அந்த ஆளின் மூக்கைக் குத்தாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"சரி. நான் என்ன பாவம் செஞ்சேன்? நான் உங்க செயலியைத் திறக்கிறதே இல்லியே. என்னைப் பிடிச்சு வச்சு உங்களுக்கு என்ன லாபம்?"

பிரதீபன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. கஸ்டமர் நீங்க இல்ல. உங்கப்பா."

"அப்ப நான் யாரு?"

"நீங்க ப்ரொஃபைல்."

அந்தச் சொல்லை அவர் திட்டுவதாக நினைத்துச் சொல்லவில்லை. ஆலைக்காரன் பஞ்சைப் பஞ்சு என்று சொல்வதுபோல இயல்பாகச் சொன்னார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது அப்பா. வரன் நன்றாகப் போகிற வாரங்களில் கோடு படுத்துக் கிடந்தது. முறிந்த நாட்களில் எழும்பி நின்றது. ஒவ்வொரு எழும்பலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. முதலாவது தேனிக்காரர்கள். அதற்கடுத்தது அந்த வங்கிக்காரர், அவர் போனபோது நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த அழுகையின் உயரத்துக்கு அப்பாவின் கோடு அங்கே ஏறியிருந்தது.

"பாருங்க, முறிஞ்ச அன்னிக்குத்தான் அவர் சந்தோஷமா இருக்கார்" என்றார் பிரதீபன். "சந்தோஷம்னா... உயிர்ப்பா இருக்கார். எல்லாரும் அவருக்குப் போன் பண்றாங்க, அவர் ஆலோசனை சொல்றார், திட்டுறார். வரன் கூடி வந்தா பேச்சு குறைஞ்சிடும். உடனே மிஷினுக்கு, 'கஸ்டமர் போகப் போறார்'னு பயம் வந்துடும்."

"நிறுத்துங்க அதை. என் கணக்குக்கு மட்டுமாவது நிறுத்துங்க."

"ஒரு கணக்குக்கு மட்டும் நிறுத்துற பொத்தான் கிடையாது மேடம். இருந்தா உங்களுக்காகச் செஞ்சிருப்பேன். அவர் கணக்கை அழிச்சாலும் பிரயோஜனம் இல்ல. அந்தப் பக்கம் மாப்பிள்ளையோட அம்மா இருக்காங்க இல்லியா? அவங்களாவது மிஞ்சட்டும்னு இன்னும் வேகமா வேலை பாக்கும்."

"அப்ப அது எப்பத்தான் விடும்?"

அவர் யோசித்தார். தொழில் சந்தேகம் ஒன்று கேட்டதுபோல உற்சாகமாக யோசித்தார். "கஸ்டமர் எங்கயும் போக மாட்டார்னு அதுக்கு நம்பிக்கை வந்தா விட்டுடும். கல்யாணத்துக்கு அப்புறமும் அவர் தினமும் வருவார்னா, அது ஏன் கல்யாணத்தைக் கெடுக்கப் போகுது?"

நான் சாவியைத் திருப்பி லிஃப்டை ஆறாவது மாடிக்கு ஏற்றினேன். அவர் வெளியே போகும்போது "தேங்க்ஸ் மேடம்" என்றார். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்குப் போனால் அப்பா கூடத்தில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அதைப் பிடுங்கி அடுப்படி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டு வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைப் பற்றியும் சொன்னேன்.

"எவன்டி சொன்னான்?" என்று எழுந்தார். "என் பிள்ளைக்குக் கல்யாணம் நிக்கிறதுல எனக்குச் சந்தோஷமா? எவன் சொன்னானோ அவனக் கூட்டியா, செருப்பக் கழட்டி அடிக்கிறேன்!"

"மிஷின் சொல்லுதுப்பா. அதுக்கு உங்க மேல என்ன கோபம்?"

"மிஷினு என்னத்தக் கண்டுச்சு! இத்தனை வருசமா உனக்காக நாயா அலைஞ்சிருக்கேன். ஒரு தீபாவளிக்கு நல்லா சாப்ட்டிருப்பனா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!"

"சொல்றேன். அந்த வங்கிக்காரர் வேணாம்னு போன அன்னிக்கு நான் சாப்பிடல. நீங்க ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்ட்டீங்க. நான்தான் போட்டேன்."

கையை ஓங்கினார். என் வாழ்க்கையில் அவர் என்னை அடித்ததே இல்லை, அன்றும் அடிக்கவில்லை. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

"நீ காலைல போனா பொழுது சாஞ்சுதான் வர்ற" என்றார் கடைசியில். "வந்தா போனு, இல்லனா தூக்கம். உங்கம்மா இருந்தவரைக்கும் சண்டை போடவாச்சும் ஆளு இருந்துச்சு. உன் கல்யாணப் பேச்சு இருக்கப்பதான் நாலு பேரு எனக்குப் போன் பண்றான். அழகருனு ஒருத்தன் இருக்கானு நெனைக்கிறான். அது முடிஞ்சுபோச்சுனா எங்கிட்ட யாருடி பேசுவா?"

பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரதீபன் சொன்ன வழி ஒன்றுதான்.

"ராசுகிட்டயே பேசுங்க" என்றேன். "நான் வேணாங்கல. கல்யாணம் ஆனாலும் பேசுங்க, தினமும் பேசுங்க. ஆனா அதை இப்பவே அவன்கிட்ட சொல்லிடுங்க. பணம் கட்டறதுனாலும் சேத்துக் கட்டிடுங்க."

அரிசி டிரம்மில் இருந்து போனை எடுத்து, மேலே ஒட்டியிருந்த அரிசியைத் துடைத்து, நானே அவர் கையில் கொடுத்தேன்.

"ராசு" என்றார் அப்பா. "இங்க பாருப்பா. எம் மக கல்யாணம் ஆகிப் போயிட்டாலும் நான் உன்னைய விட மாட்டேன். ஆயுசுக்கும் பேசுவேன்."

அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதி. ராசு அப்படி யோசித்து நான் கேட்டதில்லை.

"ரொம்ப சந்தோசம்ணே" என்றான். "நானும் உங்களை விட மாட்டேன்."

நான் சொன்னபடி தாம்பரத்தில் குமணனும் தன் அம்மாவிடம் இதே மாதிரி பேசினார். அவருடைய அம்மா ரஞ்சிதம் எதையும் நம்பவில்லை. 'பாக்கியத்தைச் சந்தேகப்படுறியா' என்று மகனோடுதான் சண்டை போட்டார். ஆனாலும் பாக்கியத்தை ஒருநாளும் கைவிட மாட்டேன் என்று சொல்ல அவருக்கு என்ன கசக்குமா? சொல்லிவிட்டார். சனிக்கிழமை பாக்கியமே பேச்சை எடுத்ததாம்: "அக்கா, அந்தத் தழும்பு விஷயம், டாக்டர் சர்டிபிகேட் கேட்டு வாங்கிட்டா நிம்மதிதானே?" நான் சர்டிபிகேட்டை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குள் என் தலையில் இரண்டு முழம் மல்லிகை ஏறிவிட்டது. ரஞ்சிதம் அத்தைதான் வைத்தார். என் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்து, குமணன் கூடம் முழுக்கக் கேட்கும்படி "அழாதீங்க, அழாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கல்யாணம் நடந்தது. நடக்காது என்று பந்தயம் கட்டியிருந்த உறவினர்கள் வந்து இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ராசு வாழ்த்துச் சொன்னான். பாக்கியமும் சொன்னாள். ஒரே வாசகத்தை இரண்டு பேச்சில் சொன்னார்கள்.

மறுமாதம் பிரதீபன் என்னைப் போனில் கூப்பிட்டார். "மேடம், ஞாபகம் இருக்கா? லிஃப்ட்!" என்று சிரித்தார். "உங்க வீட்டுக் கணக்கைப் பாத்துத்தான் எங்களுக்கே ஒண்ணு புரிஞ்சுது. கல்யாணம் ஆனாலும் பெத்தவங்க போறதில்ல. நாங்கதான் அவங்களை அனுப்பிக்கிட்டு இருந்திருக்கோம். அதுக்குன்னே புதுசா ஒரு பிரிவு ஆரம்பிச்சுட்டோம். நாலு ஊர்ல பிச்சுக்கிட்டுப் போகுது. இப்ப யார் கல்யாணத்தையும் மிஷின் நிறுத்துறதில்ல மேடம், தெரியுமா? உங்களுக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம்."

நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புதுமணப் பெண்ணுக்கு எது புரியும்! தாம்பரத்தில் மாமியார், கணவர், நான். நன்றாகத்தான் இருந்தோம்.

முதலில் அப்பாதான் ஆரம்பித்தார். பார்க்க வந்தவர் பலகாரப் பையைக் கொடுத்துவிட்டு, அத்தை காபி போடப் போன சமயம் பார்த்துக் கேட்டார்: "ஏத்தா, உன் சம்பளம் உன் கணக்குலதான விழுகுது?" ஏன் கேட்கிறீர்கள் என்றேன். சும்மா கேட்டேன் என்றார். அடுத்த வாரம், "மாப்ள அவுக அம்மாகிட்ட கேக்காம ஒரு காரியமும் செய்ய மாட்டாராமே, அப்படியா?" அதற்கடுத்த வாரம் அத்தை என்னிடம், "உங்கப்பா வந்துட்டுப் போனாலே உன் மூஞ்சி மாறிடுதே, என்னம்மா சொல்லிக் குடுக்கிறார்?" என்றார். குமணனிடம், "சாமி கும்பிடும்போது அவ கண்ணத் திறந்துக்கிட்டு நிக்கிறா, கவனிச்சியா?" என்றாராம். நான் திறந்துகொண்டுதான் நிற்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதுவும் உண்மைதான்.

எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நானும் குமணனும் அதைப் பேசி ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டோம். அந்தக் குரல்தான் கேள்விகளை அனுப்புகிறது, நாம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றோம். ஆனாலும் தெரிந்தே ஒரு கேள்வியை வாங்கி மனதில் வைத்துக்கொண்டு, அது இல்லாததுபோல எத்தனை நாள் நடக்க முடியும்? போன மாதம் ஒரு இரண்டாயிரம் ரூபாய்க்கு அவர் அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றபோது எனக்குச் சுருக்கென்றது. "எதுக்கெடுத்தாலும் அம்மாதானா?" என்று கேட்டேன். அப்பாவின் குரலில் கேட்டேன். அவர் வேலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்த பிறகும் வீட்டில் அவர் சத்தமே இல்லை.

நேற்று மாலை செயலிக்குச் சந்தா புதுப்பிக்கச் சொல்லி அத்தை தன் போனைக் குமணனிடம் கொடுத்திருந்தார். சமையலறையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். போனை எடுத்துக்கொண்டு வந்தவர் அதை என் முன்னால் நீட்டினார்.

'முன்யோசனை' என்று ஒரு பிரிவு. அதன் கீழே, 'பிள்ளைகளின் வாழ்க்கை எப்படிப் போகும் என்று யாருக்குத் தெரியும்? இப்போதே பார்த்து வையுங்கள்' என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே ஒரு வரன். பெயரும் போட்டோவும் மறைக்கப்பட்டிருந்தன. மக நட்சத்திரம், சிம்ம ராசி, வயது முப்பத்து ஐந்து, லிஃப்ட் பொறியாளர், தாய் இல்லை. தங்கள் மகனின் ஜாதகத்துக்குப் பத்தில் ஒன்பது பொருத்தம்.

கையைக் கழுவாமலே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"நான் ஒண்ணும் கேக்கலத்தா" என்றார் எடுத்ததும். நான் இன்னும் எதையும் சொல்லவே இல்லை. "ராசுதான் கேட்டான், 'அண்ணே, பிள்ள ஜாதகத்த ஒரு பாதுகாப்புக்கு எடுத்து வச்சுக்கவா'னு. இருக்கட்டும்னேன். அதுல என்ன தப்பு? நீ சந்தோசமா இருந்தா அது பாட்டுக்கு அங்க கெடக்கப்போகுது." பிறகு கொஞ்சம் உற்சாகமாகவே கேட்டார், "ஏன், எதும் பிரச்சனையா? அப்பா வரட்டுமா?"

வைத்துவிட்டேன். குமணனின் கையில் இருந்த போன் அதிர்ந்தது. கூடத்திலிருந்து அத்தை, "யாரு, பாக்கியமா? கொண்டா இங்க" என்றார். அவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். அத்தை எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அக்கா, ஒரு பொண்ணு வந்திருக்கு" என்றது பாக்கியத்தின் குரல். "சும்மா காதுல போட்டு வைக்கிறேன். தம்பிக்கு ஒன்பது பொருத்தம். படிச்ச பொண்ணு, பெரிய பெரிய கட்டடத்துல இன்ஜினியர் வேலை. பயம்னா என்னன்னு தெரியாது. வயசான அப்பாவை ஒத்தையா வச்சுக் காப்பாத்துச்சு. யார் மனசும் நோகக் கூடாதுன்னு குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டுத்தான் அழுமாம்."

நாற்காலி கிறீச்சிட்டது. அத்தை பெருமூச்சு விட்டது எங்களுக்குக் கேட்டது.

"இந்த மாதிரி ஒருத்தி அப்பவே கிடைச்சிருக்கக் கூடாதா, பாக்கியம்?" என்றார்.